அமர்வுக் குறிப்புகளை ஒழுங்காக வைப்பது எப்படி? மனநல ஆலோசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு மாதம் வராமல் இருந்த க்ளையன்ட் ஒருவர் மறுபடி நேரம் கேட்டு வந்திருக்கிறார். அவர் உள்ளே வர இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. அதற்குள் அவருடைய கோப்பை எடுத்து, எந்த இடத்தில் நிறுத்தினோம், எதற்குப் பயந்துகொண்டிருந்தார், என்ன செய்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

புதிதாக வேலை தொடங்குபவர்களின் கோப்புகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். குறைவாக எழுதிச் சிக்கிக்கொண்டவர்களைவிட, பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் தேட முடியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். கோளாறு பெரும்பாலும் வரிசையில் இருக்கிறது. முதலில் ஒரு செயலியை வாங்குகிறார்கள். பிறகு அதிலுள்ள கட்டங்களை நிரப்புகிறார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது, அதுவும் யாராவது நகல் கேட்கும்போது. இங்கே அதைத் தலைகீழாக்கி, படிப்பவரிடமிருந்து தொடங்குவோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்களுக்குப் பொருந்தும் விதிகள். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம், உரிமம் தந்த அமைப்பு, வேலை செய்யும் நிறுவனம் மூன்றும் மூன்று விதமாகச் சொல்லக்கூடும். கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், க்ளையன்ட் கேட்டால் எதைத் தர வேண்டும், எந்த நிலையில் ரகசியத்தை மீறியே ஆக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலை ஒரே தாளில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் படிகள் எல்லாம் இந்தத் தாளை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்தது பூட்டு. காகிதம் என்றால் பூட்டக்கூடிய அலமாரி. கணினி என்றால் கடவுச்சொல் மட்டும் போதாது, வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் திருடியவர் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படித்துவிடலாம்.

மூன்றாவது, ஒப்புதல் படிவத்தில் குறிப்புகளைப் பற்றி ஒரு பத்தி. என்ன எழுதப்படும், எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்று அதில் இருக்கட்டும். முதல் அமர்வில் இரண்டு நிமிடம் இதைப் பேசிவிட்டால், நீங்கள் பேனாவை எடுக்கும்போது க்ளையன்ட் மிரள மாட்டார்.

1. யார் திறப்பார்கள் என்று பட்டியல் போடுங்கள்

ஒரு குறிப்பைத் திறக்கக்கூடியவர்கள் பொதுவாக ஐந்து பேர்: அடுத்த அமர்வுக்கு முன் நீங்கள், நீங்கள் விடுப்பில் இருக்கும்போது நெருக்கடியைக் கையாளும் சக ஆலோசகர், உங்கள் மேற்பார்வையாளர், க்ளையன்ட், அப்புறம் நீதிமன்றம். கடைசி ஆள் வராமலே போகலாம். ஆனால் நாலாவது ஆள் வருவார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

இந்தப் பட்டியல் ஏன் முதலில்? ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது இதுதான். 'எதையும் பெரிதுபடுத்தும் சுபாவம்' என்று எழுதப் போகிறீர்கள். அதை க்ளையன்ட் படித்தால்? அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று எழுதியிருந்தால் அந்தக் கவலையே வந்திருக்காது.

2. பதிவையும் சொந்தக் குறிப்பையும் பிரியுங்கள்

அதிகாரப்பூர்வப் பதிவு என்பது அமர்வு நடந்த தேதி, நேரம், பேசிய பிரச்சினை, செய்த தலையீடு (உதவ நீங்கள் செய்த பயிற்சி அல்லது சிகிச்சை முறை), நிலைமையின் மதிப்பீடு, அடுத்த திட்டம். இது எல்லோருக்கும் கட்டாயம். சொந்தக் குறிப்பு என்பது உங்கள் ஊகங்கள், உங்களுக்குள் எழுந்த எரிச்சல் அல்லது பரிதாபம், மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இது உங்கள் விருப்பம்.

இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிட்டுப் பிறகு பிரிக்க முயல்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பிறகு பிரிக்க முடியாது. அமெரிக்காவின் மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டமான ஹிப்பாவின் (HIPAA) விதிகள் ஆலோசகரின் சொந்தக் குறிப்புக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருகின்றன, ஆனால் மற்றப் பதிவிலிருந்து தனியாக வைத்திருந்தால் மட்டும். மருந்து விவரம், அமர்வு தொடங்கி முடிந்த நேரம், நோயறிதல், சிகிச்சைத் திட்டம் போன்றவற்றைச் சொந்தக் குறிப்புக்குள் எழுதி வைத்தாலும் அந்தப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது. உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் இந்தப் பிரிவினை நல்ல அளவுகோல்.

சொந்தக் குறிப்பு என்பதால் யார் கண்ணிலும் படாது என்று நம்பி விடாதீர்கள். பல இடங்களில் நீதிமன்றம் அதையும் கேட்கலாம். என் வழக்கம்: மேற்பார்வையில் பேசி முடித்ததும், பதிவுக்குப் போக வேண்டியது ஏதாவது இருந்தால் அங்கே சேர்த்துவிட்டு, சொந்தக் குறிப்பை அழித்துவிடுவேன். விதி அனுமதித்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஏற்கெனவே யாராவது கோப்பைக் கேட்டிருந்தால் தொடவே கூடாது.

3. பெயருக்குப் பதில் எண்

ஒவ்வொரு க்ளையன்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறு இடத்தில், வேறு பூட்டில் இருக்கட்டும். கோப்பு தவறான கைக்குப் போனாலும் யாருடையது என்று உடனே தெரியாது என்பதுதான் காரணம். பெயரின் முதல் எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்த்துக் குறியீடு உருவாக்குவார்கள் சிலர். வேண்டாம். தெரிந்தவர்கள் எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

கணினிக் கோப்பின் பெயரில் எண், தேதி, வகை மூன்றும் இருந்தால் போதும்: 0147_2025-03-07_அமர்வு. தேதியில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். இப்படி எழுதினால் கணினி தானாகவே கால வரிசைப்படி அடுக்கிவிடும். நாளின் எண்ணை முதலில் எழுதினால் மார்ச் 7-க்குப் பக்கத்தில் ஆகஸ்ட் 7 வந்து நிற்கும். 'புதியது', 'கடைசி', 'கடைசி திருத்தியது' என்றெல்லாம் கோப்புகளுக்குப் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

4. கோப்பின் முதல் தாள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இரண்டு நிமிடத்தில் கோப்பு கைக்கு வசப்படுவது இந்த ஒரு தாளால்தான்.

ஒவ்வொரு கோப்பின் மேலேயும் ஒரு பக்கம் மட்டும். அதில் இருக்க வேண்டியவை: க்ளையன்ட் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார், எந்தத் தொலைபேசி எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், செய்தி விட்டுவைக்கலாமா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, தற்போதைய மருந்துகளும் அவற்றைத் தரும் மருத்துவரும், அபாய நிலையும் அதைக் கடைசியாகக் கேட்ட தேதியும், இரண்டு அல்லது மூன்று இலக்குகள், அடுத்த அமர்வில் மறக்காமல் கேட்க வேண்டிய ஒரு விஷயம்.

தொடர்புகொள்ளும் வழியை இவ்வளவு விவரமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் வன்முறையை அனுபவிக்கும் ஒருவருக்கு, 'நாளைய ஆலோசனை நேரம் மாறிவிட்டது' என்று போகும் ஒரு குறுஞ்செய்தியே ஆபத்தாகிவிடலாம். அந்த எச்சரிக்கை பதினோராம் அமர்வுக் குறிப்பின் நடுவில் இருந்தால், வரவேற்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

முதல் தாளுக்குப் பின்னால் ஒப்புதல் படிவம், முதல் நேர்காணல், சிகிச்சைத் திட்டம், அமர்வுக் குறிப்புகள், அளவுகோல் மதிப்பெண்கள், கடிதங்கள். இந்த வரிசையேதான் வேண்டும் என்றில்லை. எல்லாக் கோப்பிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

5. ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புழக்கத்தில் இருப்பவை பல. சோப் (SOAP) வடிவத்தில் நான்கு பகுதி: க்ளையன்ட் சொன்னது, நீங்கள் கவனித்தது, மதிப்பீடு, திட்டம். டாப் (DAP) வடிவம் முதல் இரண்டையும் 'தரவு' என்று ஒன்றாக்கிவிடுகிறது. பிர்ப் (BIRP) வடிவத்தில் நடத்தை, தலையீடு, அதற்குக் கிடைத்த எதிர்வினை, திட்டம் என்று போகும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று காட்டச் சொல்லும் நிறுவனங்களுக்குக் கடைசியாகச் சொன்னது வசதி.

தொடங்குபவர்களுக்கு நான் டாப் வடிவத்தையே சொல்வேன். 'அழுதபடி சொன்னார்' என்பது அவர் சொன்னதிலா, நான் கவனித்ததிலா என்று குழம்பிப் பத்து நிமிடம் போக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எதை எடுத்தாலும் ஓர் ஆண்டாவது மாற்றாதீர்கள். ஒரே கோப்பில் மூன்று வடிவம் இருந்தால் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலையும்.

வழக்கமாக என்னிடம் வரும் குறிப்பு இப்படி இருக்கும்:

'இன்று மிகவும் சோர்வாக இருந்தார். அலுவலகப் பிரச்சினைகள் பற்றி நீண்ட நேரம் பேசினார். ஆறுதல் அளிக்கப்பட்டது. தொடரலாம்.'

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்தக் க்ளையன்டின் கோப்பிலும் ஒட்டலாம். அதே அமர்வை இப்படி எழுதிப் பாருங்கள் (கற்பனை உதாரணம்தான்):

தரவு: இந்த வாரம் 5 வேலை நாளில் 4 நாள் அலுவலகம் போனார், போன வாரம் 2 நாள். கூட்டத்தில் பேசச் சொன்னதும் 'தொண்டை அடைத்துக்கொண்டது' என்கிறார், எழுந்து வெளியே வந்துவிட்டார். தூக்கம் சுமார் 5 மணி நேரம். இதைச் சொல்லும்போது குனிந்தே இருந்தார். பயம் தரும் சூழல்களை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தினோம்.

மதிப்பீடு: அலுவலகத்தைத் தவிர்ப்பது குறைந்திருக்கிறது (இலக்கு 1). பலர் முன் பேசுவதைத் தவிர்ப்பது அப்படியே இருக்கிறது (இலக்கு 2). தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டேன், இல்லை என்றார்.

திட்டம்: மூன்று பேர் மட்டும் இருக்கும் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பார். அடுத்த அமர்வில் முதலில் கேட்க வேண்டியது இது.

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் வீணாக இல்லை. எண்கள் வந்திருக்கின்றன, க்ளையன்டின் சொல் ஒன்று அப்படியே இருக்கிறது, இலக்கோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. மேலாளரின் பெயர், சக ஊழியரின் குடும்பக் கதை எதுவும் இல்லை. சிகிச்சைக்குத் தேவைப்படாத மூன்றாம் மனிதரின் விவரம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டியதில்லை. அவர் உங்களிடம் ஒப்புதல் தரவில்லையே.

'ஆறுதல் அளிக்கப்பட்டது' போன்ற செயப்பாட்டு வாக்கியங்களை விட்டுவிடுங்கள். யார் அளித்தார், எப்படி அளித்தார் என்று தெரியாத வாக்கியம் பதிவுக்கு உதவாது.

6. எப்போது எழுதுவது

அமர்வு முடிந்த உடனே, பத்து நிமிடத்தில். தவறினால் அதே நாளில். 50 நிமிட அமர்வுகளை மணிக்கு ஒன்றாக வைத்தால் அந்தப் பத்து நிமிடம் தானாகவே கிடைக்கும். அமர்வுகளை ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டு, ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது.

தொடக்கத்தில் நானும் ஒரு வாரத்தின் குறிப்புகளை எல்லாம் சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். அப்படி ஒரு தடவை, ஒருவர் தன் தங்கையைப் பற்றிச் சொன்னதை இன்னொருவர் கோப்பில் எழுதிவிட்டேன். அடுத்த அமர்வில், 'தங்கையிடம் பேசினீர்களா?' என்று கேட்டேன். 'எனக்குத் தங்கையே கிடையாதே' என்றார் அவர். அதோடு நிற்கவில்லை. அவர் சொன்னதும் இதேபோல் வேறு யாரிடமாவது போய்ச் சேருமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அடுத்த இரண்டு அமர்வு போயிற்று.

அமர்வின் நடுவில் எழுதலாமா? நான்கைந்து சொல் மட்டும். தலையைக் குனிந்து வாக்கியமாக எழுதத் தொடங்கினால், க்ளையன்ட் உங்கள் பேனா எப்போது அசைகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். அந்தத் துண்டுத் தாளைக் குறிப்பு எழுதியதும் கிழித்துப் போடுங்கள்.

தாமதமாகிவிட்டதா? பரவாயில்லை, எழுதுங்கள். ஆனால் 'தாமதப் பதிவு' என்று போட்டு, அமர்வு நடந்த தேதி, எழுதிய தேதி இரண்டையும் குறியுங்கள். முன்தேதி போட்டு எழுதினீர்கள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மற்ற குறிப்புகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

7. அபாயத்தை எழுதும்போது மட்டும் நீளமாக எழுதுங்கள்

மற்ற இடங்களில் சுருக்கம் நல்லது. இங்கே கூடாது. 'தற்கொலை எண்ணம் இல்லை' என்று மூன்று சொல்லில் முடித்தால், கேட்டீர்களா, ஊகித்தீர்களா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

ஐந்து விஷயம் வேண்டும்: என்ன கேட்டீர்கள்; அவர் என்ன சொன்னார் (முடிந்தவரை அவர் சொல்லிலேயே); எண்ணம், திட்டம், வழிமுறை கைக்கெட்டும் நிலை, முந்தைய முயற்சி ஆகியவை பற்றித் தெரிந்தது; அவரைக் காக்கும் அம்சங்கள்; நீங்கள் எடுத்த முடிவும் அதற்கான காரணமும். யாரையாவது கலந்தாலோசித்திருந்தால் யாரை, எத்தனை மணிக்கு என்பதும். யோசித்துவிட்டு எடுக்காத முடிவையும் எழுதுங்கள். 'மருத்துவமனையில் சேர்ப்பது பற்றி யோசித்தேன், இந்தக் காரணத்தால் இப்போது தேவையில்லை என்று முடிவு செய்தேன்' என்ற வரி, இரவு பத்து மணிக்கு உங்கள் இடத்தில் தொலைபேசியை எடுக்கும் சக ஆலோசகருக்குப் பெரிய உதவி.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) போன்ற வினாத்தாளைப் பயன்படுத்துபவர்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்வதைப் பார்க்கிறேன். மொத்தம் 27-க்கு 8 என்றால் லேசானது என்று தோன்றும். ஆனால் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், கேட்டுப் பேசி, தனியாக எழுத வேண்டும். அபாய நிலை மாறினால் முதல் தாளையும் அப்போதே மாற்றுங்கள்.

8. தவறாக எழுதியதை அழிக்காதீர்கள்

காகிதத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இடுங்கள். அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். கணினியில் பழைய பதிவை விட்டுவிட்டு, கீழே திருத்தம் சேருங்கள். மறைப்பதற்கு ஏதோ இருந்தது என்ற எண்ணத்தை வெள்ளை மை உண்டாக்கிவிடும், உண்மையில் அது எழுத்துப்பிழையாகவே இருந்தாலும்.

9. தம்பதி, குடும்பம், குழு

தம்பதியாக வந்தால் கோப்பு ஒன்றா இரண்டா என்பதை முதல் அமர்வுக்கு முன்பே முடிவு செய்து, ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள். பிரிந்த பிறகு ஒருவர் வந்து நகல் கேட்கும்போது முடிவு செய்ய முடியாது. ஒருவரைத் தனியாகப் பார்த்த அமர்வின் குறிப்பு கூட்டுக் கோப்பில் போகக் கூடாது.

குழு அமர்வில் இரண்டு அடுக்கு. குழுவுக்குப் பொதுவாக ஒரு குறிப்பு: தலைப்பு, வந்தவர்கள் எண்ணிக்கை, செய்த பயிற்சி. ஒவ்வொருவர் கோப்பிலும் அவரைப் பற்றி மட்டும் மூன்று நான்கு வரி. மற்றவரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'இன்னொரு பங்கேற்பாளர்' என்றால் போதும்.

10. நகல், பூட்டு, கைபேசி

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இந்தப் பழைய கணக்கு இன்னும் செல்லும். நகல்களும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், அலமாரியில் இரும்புப் பூட்டு போட்டுவிட்டு நகலைச் சட்டைப் பையில் பென் டிரைவில் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

கைபேசிதான் பெரிய ஓட்டை. குறிப்பைப் படம் எடுத்தால் அது உங்கள் குடும்பப் படங்களோடு மேகச் சேமிப்புக்குப் போய்விடும். மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அவர் கைபேசியிலும் ஒரு நகல் உட்கார்ந்துகொள்ளும். அமர்வைக் கேட்டுத் தானே குறிப்பெழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒலிப்பதிவு எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கிறது, செயலியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துகிறார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்து, க்ளையன்டும் தனியாக ஒப்புதல் தந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். தொட்டாலும், அது எழுதியதை வரி வரியாகப் படித்த பிறகே உங்கள் பெயரைப் போடுங்கள். சொல்லாததைச் சொன்னதாக எழுதும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

11. வாரம் இருபது நிமிடம்

வாரக் கடைசியில் நாட்காட்டியையும் கோப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நடந்த ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு இருக்கிறதா? வராமல் போனவர்களுக்கும் ஒரு வரி இருக்கிறதா? 'வரவில்லை, அழைத்தேன், எடுக்கவில்லை' என்பதும் பதிவுதான். தொடர்ந்து மூன்று முறை வராமல் போனதை அந்த வரிகள்தான் காட்டிக்கொடுக்கும்.

ஏழெட்டு அமர்வுக்கு ஒருமுறை இலக்குகளையும் குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். குறிப்புகளில் ஒருமுறைகூடத் தலைகாட்டாத இலக்கு இருந்தால், இலக்கு தவறா, நாம் தவிர்க்கிறோமா என்று க்ளையன்டிடமே கேட்கலாம்.

12. கோப்பை முடிப்பதும் அழிப்பதும்

ஆலோசனை முடிந்ததும் அரைப்பக்க முடிவுரை எழுதுங்கள்: ஏன் வந்தார், என்ன செய்தோம், எந்த நிலையில் முடிந்தது, யாரிடம் அனுப்பினோம், அழிக்கும் தேதி எது. எட்டு மாதம் கழித்து வருபவருக்காக நீங்கள் படிக்கப் போவது இதைத்தான்.

எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதை முதலில் எழுதிய விதித் தாள் சொல்லும். உள்ளூர் விதி எதுவும் இல்லாத நிலையில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2007 வழிகாட்டி கடைசி சேவைக்குப் பிறகு 7 ஆண்டு என்கிறது. சிறுவர்களுக்கு அவர்கள் வயதுவந்தபின் 3 ஆண்டு, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அது. அழிக்கும்போது எண், தேதி, அழித்த முறை மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். நகல்களையும் சேர்த்து அழித்தீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் விடுபடும்.

ஏற்கெனவே குவிந்து கிடப்பதை என்ன செய்வது?

பழைய குறிப்புகளைப் புதிய வடிவத்தில் திருப்பி எழுத வேண்டாம். அது முடிவே இல்லாத வேலை, பழைய பதிவை மாற்றியதாகவும் ஆகும். இந்த வாரம் வரப்போகிறவர்களின் கோப்பை மட்டும் எடுத்து, முதல் தாளை எழுதுங்கள். அபாயம் உள்ளவர்கள் முதலில். அடுத்த வாரம் அடுத்தவர்கள். வராமல் போனவர்களின் கோப்புகளுக்கு முடிவுரையும் அழிக்கும் தேதியும் போதும், அதை அமர்வு ரத்தாகும் நேரங்களில் ஒன்றிரண்டாக முடித்துக்கொள்ளலாம்.